ஏற்காடு ஏறுற வண்டிக்கு ஹைட்ராலிக் கிளட்ச்: சுத்தம் பண்றது, ஆயில் மாத்துறது, ஏர் எடுக்கறது – முழு வழிகாட்டி

கேபிளுக்கு பதிலா ஆயில் அழுத்தத்துல வேலை செய்யற ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டி வெச்சிருக்கறவங்கள்ல பாதிப்பேரு அந்தப் பக்கம் கையே வெக்கறதில்ல. கேபிள் கிளட்ச்னா லூசாகும், இறுகும், நுனியில நூல் நூலா பிரியும், ஏதாவது ஒண்ணு காட்டிட்டுத்தான் அறுந்து போகும். இது அப்படி எதையும் காட்டாது. பிளேட் தேய தேய தானாவே அட்ஜஸ்ட் ஆகிக்கும், லீவர் என்னைக்கும் ஒரே மாதிரி இருக்கற மாதிரியே தோணும், உள்ள ஆயில் டிகாஷன் கலருக்குப் போயிருந்தாலும் நமக்குத் தெரியாது. லீவ் நாள் கூட்டத்துல ஏற்காடு மலையில முன்னாடி பஸ், பின்னாடி கார்னு மாட்டிக்கிட்டு நிக்கறப்ப, லீவர முழுசா புடிச்சிருந்தும் வண்டி ஊர்ந்து ஊர்ந்து முன்னாடி போகும் பாருங்க, அப்பதான் தெரியும்.

அப்படி ஆனவுடனே எல்லாரும் சொல்றது "கிளட்ச் பிளேட் போச்சு". பெரிய வண்டிக்கு பிளேட் செட் வாங்கி இஞ்சின் கவர் பிரிச்சு மாட்டுறதுன்னா எவ்வளவு ஆகும்னு வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியும். நான் சொல்றது ஒண்ணுதான், பிளேட்ட தொடறதுக்கு முன்னாடி ஆயில பாருங்க, லீவர் பக்கமும், கீழ இஞ்சின் கிட்ட ஸ்லேவ் சிலிண்டர் பக்கமும் சேர்ந்திருக்கற அழுக்க பாருங்க. கியர் விழல, நியூட்ரல் கிடைக்கல, லீவர் தொளதொளன்னு இருக்குங்கற கம்ப்ளெயின்ட்ல நெறைய இந்த ரெண்டு இடத்துலயே முடிஞ்சிரும்.

முதல்ல உங்க வண்டிக்கு இது இருக்கான்னு பாத்துக்கோங்க. 390 டியூக், டொமினார், ஹிமாலயன் எல்லாம் கேபிள்தான், அவங்களுக்கு இது வேண்டாம். ஹயபூசா, ராக்கெட் 3, டுகாட்டி மல்டிஸ்ட்ராடா, கேடிஎம் 1290, பிஎம்டபிள்யூ ஜிஎஸ் பெரிய வண்டிங்க, இதுக்கெல்லாம் ஹைட்ராலிக். ரொம்ப சிம்பிளா கண்டுபுடிக்கலாம், ஹேண்டில்ல வலது பக்கம் முன் பிரேக்குக்கு இருக்கற மாதிரியே இடது பக்கமும் ஒரு ஆயில் டப்பா இருந்தா அதுதான்.

உள்ள என்ன நடக்குது

லீவர புடிச்சா அது கிட்டயே இருக்கற மாஸ்டர் சிலிண்டர்ல ஒரு பிஸ்டன் உள்ள போகும், அது ஆயில ஹோஸ் வழியா கீழ தள்ளும், கீழ இஞ்சின் பக்கத்துல ஸ்லேவ் சிலிண்டர்ல இன்னொரு பிஸ்டன் வெளிய வந்து புஷ் ராட தள்ளும், அந்த ராட் பிரஷர் பிளேட்ட கொஞ்சம் தூக்கும், பிளேட்டுங்க விலகும். கொஞ்சம்னா ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கணக்குதான். இத நல்லா மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா மொத்த நகர்வே இவ்வளவுதான்ங்கறப்ப ஒரு சின்ன காத்துக் குமிழி உள்ள இருந்தாலே அதுல கணிசமான பங்கு போயிரும். ஆயில் அமுங்காது, காத்து அமுங்கும். நீங்க புடிச்ச புடி பிளேட்டுக்குப் போகாம குமிழிய நசுக்கறதுலயே தீர்ந்துரும்.

அடுத்தது, மாஸ்டர் சிலிண்டர் உள்ள, ரிசர்வாயர் (மேல சொன்ன ஆயில் டப்பா) அடியில ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், காம்பன்சேட்டிங் போர்ட்னு சொல்வாங்க. லீவர விட்டதும் பிஸ்டன் பின்னாடி வந்து இந்த ஓட்டைய திறந்து விடும், சூட்டுல விரிஞ்ச ஆயில் இது வழியாத்தான் மேல டப்பாவுக்குப் போகும். தானா அட்ஜஸ்ட் ஆகறதும் இந்த ஓட்டையாலதான். இது அடைச்சிக்கிச்சுன்னா விரிஞ்ச ஆயில் போக வழியில்லாம ஸ்லேவ்வ தள்ளிக்கிட்டே இருக்கும், யாரும் லீவர தொடாமலே கிளட்ச் பாதி புடிச்ச மாதிரி ஆகி ஸ்லிப் ஆகும். காலைல நல்லா இருந்துச்சு, தொப்பூர் தாண்டினதும் ஆர்பிஎம் மட்டும் ஏறுது வண்டி போகலன்னு சொன்னா நான் முதல்ல சந்தேகப்படறது இதைத்தான்.

இன்னொரு விஷயம், நெறைய பேருக்குத் தெரியாதது. பிரேக் பேட் தேய்ஞ்சா பிரேக் ஆயில் லெவல் இறங்கும். கிளட்ச்ல தலைகீழ். பிளேட் தேய தேய பிரஷர் பிளேட் உள்ள போகும், புஷ் ராட் ஸ்லேவ் பிஸ்டன பின்னாடி தள்ளும், ஆயில் மேல ஏறும். அதனால கிளட்ச் ரிசர்வாயர்ல லெவல் மெதுவா ஏறினா பிளேட் தேயுதுன்னு அர்த்தம், இயல்புதான். லெவல் இறங்கினா எங்கயோ ஒழுகுது, வேற காரணமே கிடையாது. ஆயில் கொஞ்சம் கம்மியா இருக்குன்னு யாராவது தளும்ப தளும்ப ஊத்தி விட்டாங்கன்னா, பின்னாடி பிளேட் தேய்ஞ்சு ஆயில் மேல வர்றப்ப மூடிக்கு அடியில இடமே இருக்காது. அப்பர் கோட்டத் தாண்டி ஊத்தவே கூடாது.

எந்த ஆயில்

ரிசர்வாயர் மூடி மேலயே எழுதியிருக்கும், அதை மட்டும் நம்புங்க. பெரும்பாலான வண்டிக்கு டாட் 4, பிரேக்குக்கு ஊத்துற ஆயில்தான். இது கிளைகால் வகை, டாட் 3, டாட் 5.1 ரெண்டும் அதே குடும்பம். டாட் 5ங்கறது சிலிகான், வேற ஜாதி, பேர் ஒட்டி வர்றதால கடையில 5.1க்கு பதிலா எடுத்துக் கொடுத்துட்டா வேலை கெட்டுச்சு. பிஎம்டபிள்யூ ஜிஎஸ் மாதிரி சில வண்டியிலயும், மகுரா கம்பெனி கிளட்ச் வந்த பழைய கேடிஎம்லயும் மினரல் ஆயில். அதுல இருக்கற ரப்பர் சீல் வேற ரகம், அதுக்கு பிரேக் ஆயில் ஊத்தினாலோ, டாட் 4 வண்டிக்கு மினரல் ஆயில் ஊத்தினாலோ சீல் ஊறி உப்பிப்போய் மேலயும் கீழயும் மொத்தமா மாத்தணும். டாப் அப் பண்றவர் யாரா இருந்தாலும் பக்கத்துல நின்னு டப்பாவ பாருங்க, இதுல கூச்சப்பட வேண்டாம்.

டாட் 4 ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும். புதுசா இருக்கறப்ப கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணி ஏறிட்டா 155 டிகிரி வரைக்கும் இறங்கிரும், தரக் கட்டுப்பாட்டுல இதான் கணக்கு. கிளட்ச்ல ஆயில் சுத்தி வர்றதில்ல, இருக்கற கொஞ்சம் ஆயில் ஹோஸ்க்குள்ளயே மேலயும் கீழயும் அசையும் அவ்வளவுதான். அதனால ஸ்லேவ் பக்கம் இருக்கற ஆயில் வருஷம் முழுக்க அங்கயே உக்காந்து இஞ்சின் சூட்டுல வேகும், ரப்பர் பொடியும் ஈரமும் அங்கயே தங்கும். மேல கண்ணாடியில பாத்தா சுத்தமா தெரியும், கீழ கறுப்பா இருக்கும். மேல டப்பாவுல மட்டும் உறிஞ்சி எடுத்து புதுசு ஊத்தினா ஆயில் மாத்தினதா ஆகாதுன்னு சொல்றது இதனாலதான்.

மேனுவல்ல பெரும்பாலும் 2 வருஷத்துக்கு ஒருதடவ மாத்தச் சொல்லியிருக்கும். நம்ம பக்கம் சித்திரை வெயில்ல சேலம் டவுன்ல 40 டிகிரிய தொடுது, ஐப்பசி கார்த்திகையில மேல ஏற்காட்டுல நாள் கணக்கா பனிமூட்டமும் மழையும், ரெண்டுக்கும் நடுவுல ஓடுற வண்டிக்கு நான் வருஷத்துக்கு ஒருக்கா மாத்திரலாம்னு சொல்வேன். கார்த்திகை மழை ஓய்ஞ்சதும், தை மாசம் நல்ல நேரம். 250 மில்லி பாட்டில் ஒண்ணு போதும், மிச்சமாகும். மிச்சத்த அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வெக்காதீங்க, திறந்த பாட்டில் ஈரத்த குடிச்சிரும்.

என்ன கோளாறுன்னு முதல்ல பாருங்க

ஸ்பேனர் எடுக்கறதுக்கு முன்னாடி நிதானமா பாக்க வேண்டியது சிலது இருக்கு. லீவர் தொளதொளன்னு இருக்கு, நாலஞ்சு தடவ வேகமா பம்ப் பண்ணினா கெட்டியாகுதுன்னா உள்ள காத்து இருக்கு. பம்ப் பண்ணியும் மாறல, ஆனா லீவர புடிச்சுக்கிட்டே நிக்க நிக்க வண்டி மெல்ல ஊர ஆரம்பிக்குதுன்னா மாஸ்டர் சிலிண்டர் உள்ள கப் சீல் தேய்ஞ்சு ஆயில் சீலுக்குப் பின்னாடி நழுவுது. இது வெளிய ஒரு சொட்டு கூட ஒழுகாது, அதனால ஏமாத்தும். டெஸ்ட் பண்ண, ஆள் இல்லாத சமதள இடத்துல நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி, முன் பிரேக்க நல்லா புடிச்சுக்கிட்டு லீவர மெதுவா, ரொம்ப மெதுவா அழுத்தி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஒரு நிமிஷம் அப்படியே வெச்சிருங்க. மெதுவா அழுத்தறதுதான் முக்கியம், டக்குன்னு அழுத்தினா தேய்ஞ்ச சீல் கூட வேலை செஞ்சிரும்.

லீவர் பக்கத்துல இருக்கற சின்ன ரப்பர் பூட்ட நகத்தால விலக்கிப் பாருங்க, உள்ள ஈரமா இருந்தா வெளிப்பக்க சீல் போச்சு. கீழ ஸ்லேவ், நெறைய வண்டியில இடது பக்கம் செயின் ஸ்ப்ராக்கெட் கவர் கிட்ட இருக்கும், அங்க ஈரம் இருந்தா அது கிளட்ச் ஆயிலா இஞ்சின் ஆயிலான்னு பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா புஷ் ராட் சீல் வழியா இஞ்சின் ஆயிலும் அதே இடத்துலதான் ஒழுகும். ஒரு டம்ளர் தண்ணியில அந்த ஆயில் ஒரு சொட்டு விடுங்க. டாட் 4 தண்ணியோட கலந்துரும், இஞ்சின் ஆயில் மேல மிதக்கும். மினரல் ஆயில் வண்டியா இருந்தா ரெண்டும் மிதக்கும், அங்க நிறத்தையும் ரிசர்வாயர் லெவலையும் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

காலைல ஸ்டார்ட் பண்ணினதும் முதல் கியர் டொக்குன்னு விழறது, குளிர்ல கெட்டியான இஞ்சின் ஆயில்ல பிளேட்டுங்க ஒட்டிக்கிட்டு இருக்கறதால. ஏற்காட்டுல ராத்திரி தங்கிட்டு காலைல எடுத்தா இது இன்னும் நல்லா தெரியும். ஹைட்ராலிக் மேல பழி போடாதீங்க.

கடையில வாங்கி மாட்டுற குட்டையான ஷார்ட்டி லீவர், அதப் பத்தி தனியா சொல்லணும். அளவு சரியில்லாத லீவர் பிஸ்டன எப்பவும் ஒரு இழை தள்ளிக்கிட்டே நிக்கும், அந்த சின்ன ஓட்டை திறக்கவே திறக்காது, மேல சொன்ன ஸ்லிப் அப்படியே வரும், ஏர் எடுக்கவும் முடியாது. லீவர் மாட்டின பிறகு ஆரம்பிச்ச கோளாறுன்னா முதல் வேலை பழைய லீவர திருப்பி மாட்டிப் பாக்கறது.

வேலைக்கு வேண்டிய சாமான்

8 எம்எம் ரிங் ஸ்பேனர், சில வண்டிக்கு 10 அல்லது 11 வரும். நிப்பிள்ல (ஆயிலும் காத்தும் வெளிய விடறதுக்கு ஸ்லேவ்ல இருக்கற சின்ன போல்ட்) ஓப்பன் எண்ட் ஸ்பேனர் போடவே போடாதீங்க, முனை மழுங்கிட்டா அப்புறம் ஸ்லேவ்வோட கழட்டணும். உள்ள தெரியற மாதிரி ட்யூப், மீன் தொட்டிக்கு விக்கற ட்யூப் போதும், மெடிக்கல்ல குளுக்கோஸ் செட் வாங்கினாலும் அந்த ட்யூப் நிப்பிளுக்கு கெட்டியா உக்காருதான்னு பாத்துக்கோங்க. 50 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு. காலி பாட்டில். புது ஆயில், சீல் உடைக்காதது. பனியன் வேஸ்ட் நெறைய. அப்புறம் ஒரு ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி, கட்டாயம் பக்கத்துல இருக்கணும், டாட் 4 பெயின்ட்ட தின்னுரும், டேங்க் மேல ஒரு சொட்டு விழுந்தாலும் தொடைக்கறத விட தண்ணி அடிச்சு கழுவிட்டு அப்புறம் தொடைங்க. கையில கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி.

மூடி ஸ்க்ரூவுக்கு நல்ல ஸ்க்ரூ டிரைவர் வேணும். ஜப்பான் வண்டியில இருக்கற ஸ்க்ரூ பாக்க சாதா ஸ்டார் மாதிரியே இருக்கும், ஆனா அளவு கொஞ்சம் வித்தியாசம், ஜேஐஎஸ் டிரைவர்னு கேட்டு வாங்கணும். இல்லாட்டி மெத்து அலுமினியத்துல இறுகிப்போன அந்த ஸ்க்ரூ தலை வழுக்கிரும். டிரைவர ஸ்க்ரூல உக்கார வெச்சு பின்னாடி சின்ன சுத்தியலால ரெண்டு தட்டு தட்டிட்டு திருப்புங்க, வந்துரும்.

லீவர் பக்கம் சுத்தம்

வாட்டர் வாஷ்ல பிரஷர் பைப்ப நேரா லீவர் மேலயும் ரிசர்வாயர் மூடி மேலயும் அடிக்க விடாதீங்க. தண்ணி உள்ள போகறதே அங்கதான். கருப்பூர், மாமாங்கம் பக்கம் மேக்னசைட் லாரி ஓடுற ரோட்டுல தினம் போறவங்க வண்டியில லீவர் பிவட்ல, அதாவது லீவர் திரும்பற போல்ட் கிட்ட, வெள்ளையா ஒரு மாவு படிஞ்சிருக்கும், அது கிரீஸோட சேர்ந்தா உப்புத்தாள் வேலை செய்யும். பிவட் போல்ட்ட கழட்டி, லீவர எடுத்து, போல்ட், ஓட்டை, புஷ் ராட் உக்கார்ற பித்தளை புஷ் மூணையும் துணியால தொடைச்சு, சிலிகான் கிரீஸ் மெல்லிசா தடவி மாட்டுங்க. புஷ் ஓட்டை நீள்வட்டமா தேய்ஞ்சிருந்தா மாத்திருங்க, சின்ன சாமான்தான், ஆனா அந்தத் தேய்மானம் லீவர் அசைவுல ஒரு பங்க தின்னுரும். ஸ்லேவ் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான் தள்ளுதுன்னு சொன்னேன்ல.

மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. கை கழுவறதுக்குன்னு மெக்கானிக் ஷெட்ல வெச்சிருக்கற பெட்ரோல்ல சீல தோய்ச்சு எடுத்தாங்கன்னா அது அப்பவே ஊற ஆரம்பிச்சிரும். ரப்பர் சாமானுக்கு புது டாட் 4 ஆயில், மினரல் சிஸ்டமா இருந்தா மினரல் ஆயில். வெளிப்பக்க அழுக்குக்கு சோப்புத் தண்ணி.

ஆயில் மாத்தி ஏர் எடுக்கறது

வண்டிய சமதளத்துல நிறுத்தி, இஞ்சின் ஆறின பிறகு ஆரம்பிங்க. டேங்கையும் ஃபேரிங்கையும் பழைய பெட்ஷீட் போட்டு மூடிருங்க. ரிசர்வாயர் மட்டமா வர்ற மாதிரி ஹேண்டில திருப்பி வெச்சுக்கிட்டு, மூடிய சுத்தியும் முதல்ல தொடைங்க, திறக்கறப்ப மண்ணு உள்ள விழுந்தா நீங்க பண்ற வேலைக்கே அர்த்தமில்லாம போயிரும். மூடிய எடுத்தா அடியில ஒரு ரப்பர் டயாஃப்ரம் வரும், மடிப்பு மடிப்பா, அது கீழ தொங்கிட்டு இருந்தா கையால மேல தள்ளி பழைய வடிவத்துக்கு கொண்டு வந்து தொடைச்சு வெச்சிருங்க.

பழைய ஆயில சிரிஞ்சால உறிஞ்சி எடுத்துட்டு, டப்பா அடியில படிஞ்சிருக்கற சேற்ற பஞ்சு உதிராத துணியால எடுங்க. அந்தச் சேறுதான் ஊசி ஓட்டைய அடைக்கும். சேறு ரொம்ப இருந்தா லீவர இப்ப அழுத்தாதீங்க, முதல்ல சுத்தம், அப்புறம் புது ஆயில், அப்புறம்தான் லீவர்.

இப்ப கீழ வாங்க. நிப்பிள் மேல இருக்கற ரப்பர் தொப்பிய எடுத்து, சுத்தி தொடைச்சு, முதல்ல ரிங் ஸ்பேனர மாட்டி அப்புறம் ட்யூப்ப மாட்டுங்க, ட்யூப்ப முதல்ல மாட்டிட்டு ஸ்பேனர எப்படி போடறதுன்னு முழிக்கறவங்க உண்டு. ட்யூப் மறுமுனை பாட்டில்ல கொஞ்சம் ஆயில்ல முங்கி இருக்கணும். நிப்பிள விட ட்யூப் ஒருதரம் மேல வளைஞ்சு கீழ இறங்கினா நல்லது, காத்து திரும்பி உள்ள வராது.

லீவர மெதுவா முழுசா அழுத்துங்க, அப்படியே புடிச்சுக்கோங்க. நிப்பிள கால் சுத்து திறங்க. ஆயில் கறுப்பா வரும், லீவர் ஹேண்டில் வரைக்கும் போகும். அங்கயே புடிச்சுக்கிட்டே நிப்பிள மூடுங்க. மூடினதுக்கு அப்புறம்தான் லீவர விடணும். இந்த வரிசை மாறக்கூடாது, திறந்திருக்கறப்ப லீவர விட்டா கீழ இருந்து காத்த உறிஞ்சிக்கும், பண்ணின அத்தனையும் முதல்ல இருந்து. ரெண்டு பேர் இருந்தா சுலபம், ஒருத்தர் மேல "புடிச்சேன்"னு சொல்ல, கீழ இருக்கறவர் "மூடிட்டேன்"னு சொன்ன பிறகே விடணும். வீட்ல பெரியவங்க, பசங்க யாரையாவது கூப்பிட்டு லீவர் பக்கம் நிக்க வெக்கலாம், பலம் வேண்டாம், சொன்னத கேட்டா போதும்.

நாலஞ்சு தடவைக்கு ஒருக்கா ரிசர்வாயர பாருங்க. டப்பா ரொம்ப சின்னது, சட்டுன்னு காலியாயிரும், அடி தெரிஞ்சிருச்சுன்னா காத்து உள்ள போயாச்சு. ட்யூப்ல வர்ற ஆயில் புது பாட்டில்ல இருக்கற நிறத்துக்கு வர்ற வரைக்கும், குமிழி இல்லாம வர்ற வரைக்கும் தொடருங்க.

இப்படி பண்ணியும் லீவர் கெட்டியாகலன்னா காத்து பெரும்பாலும் மேலதான் மாட்டியிருக்கும், மாஸ்டர் சிலிண்டர்ல ஹோஸ் சேர்ற பேன்ஜோ போல்ட் கிட்ட. காத்துக்கு மேல போகத்தான் புடிக்கும், நாம அத கீழ தள்ளி வெளிய எடுக்கப் பாக்கறோம், அதான் சண்டை. சில மாஸ்டர் சிலிண்டர்ல அங்கயே ஒரு நிப்பிள் இருக்கும், இருந்தா முதல்ல அதத் திறந்து எடுங்க. இல்லாட்டி ஹேண்டில இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி ரிசர்வாயர் அந்த போல்ட்ட விட ஒசந்து நிக்கற இடத்துல வெச்சுக்கிட்டு, லீவர ஒரு விரக்கடை மட்டும் சின்ன சின்னதா தட்டிக்கிட்டே இருங்க, ஹோஸையும் ஸ்பேனர் கட்டையால லேசா தட்டுங்க. ரிசர்வாயர்ல பொடி பொடியா குமிழி வரும். பொறுமையா பண்ணணும், ஒரு டீ ஆறிப்போற வரைக்கும் கூட வரும்.

அதுக்கும் மசியலன்னா கீழ இருந்து மேல ஏத்துறது. சிரிஞ்ச்ல புது ஆயில் எடுத்து, காத்து இல்லாம ட்யூப் முழுக்க நிரப்பி, நிப்பிள்ல மாட்டி, திறந்து மெதுவா தள்ளுங்க. ஆயிலும் காத்தும் மேல போகும். ரிசர்வாயர்ல இருக்கற ஆயில முன்னாடியே பாதி எடுத்திரணும், இல்லாட்டி பொங்கி டேங்க் மேல ஊத்தும். கிளட்ச்சுக்கு என்னைக் கேட்டா இதுதான் சிறந்த முறை, ஆனா பழைய கறுப்பு ஆயில முதல்ல கீழ வழியா வெளியேத்தின பிறகு மட்டும் பண்ணுங்க, இல்லாட்டி கீழ இருக்கற சேற்ற அந்த ஊசி ஓட்டைக்கே கொண்டு போய் சேத்த மாதிரி ஆயிரும்.

ராத்திரி லீவர ஹேண்டிலோட ரப்பர் பேண்ட் போட்டு கட்டி வெச்சிட்டு காலைல விட்டுப் பாக்கற பழக்கம் மெக்கானிக்குங்க நெறைய பேருக்கு உண்டு, வேலை செய்யும். பொடி குமிழி எல்லாம் ராத்திரி மேல ஏறி நிக்கும், காலைல லீவர விட்டதும் ரிசர்வாயருக்குப் போயிரும்.

முடிஞ்சதும் நிப்பிள அளவா இறுக்குங்க, அது உள்ள ஓட்டையான சின்ன போல்ட், கைபலத்தக் காட்டினா உடையும், டார்க் ரெஞ்ச் இருந்தா மேனுவல்ல உள்ள அளவுக்கு. லெவல் கோட்டுக்குள்ள ஊத்தி, டயாஃப்ரம் மடிப்ப சரியா உக்கார வெச்சு மூடுங்க. சுத்தி எல்லா இடத்துலயும் தண்ணி ஸ்ப்ரே பண்ணி தொடைச்சிருங்க. பழைய ஆயில சாக்கடையிலயோ காப்பித் தோட்டம் ஓரத்துலயோ ஊத்தாதீங்க, பாட்டில்ல மூடி, பேர் எழுதி, கழிவு ஆயில் எடுக்கற ஒர்க்‌ஷாப்ல தனியா கொடுங்க, இஞ்சின் ஆயில் ட்ரம்ல கலக்க வேண்டாம்.

ஸ்லேவ் பக்கம்

இங்கதான் யாரும் பாக்கறதில்ல. ஸ்ப்ராக்கெட் கவர கழட்டினா செயின் லூப்பும் மண்ணும் சேர்ந்து களி மாதிரி அப்பியிருக்கும். ஸ்லேவ்வ தொடறதுக்கு முன்னாடி இத முழுசா சுரண்டி எடுங்க, பிளாஸ்டிக் கரண்டி, பழைய பல் பிரஷ். இந்த அழுக்கு புஷ் ராட் மேல ஏறி ஸ்லேவ் டஸ்ட் சீலுக்குள்ள போகும், பிஸ்டன் மூஞ்சியில கீறல் விழும், அப்புறம் ஒழுகும்.

ஸ்லேவ்வ கழட்டறதுன்னா முதல்ல லீவருக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல ஒரு கட்டைய வெச்சு கட்டிருங்க, யாரும் தெரியாம அழுத்தக் கூடாது. ஸ்லேவ் வெளிய இருக்கறப்ப லீவர அழுத்தினா பிஸ்டன் பிடுங்கிக்கிட்டு வந்துரும், ஆயில் மொத்தமும் தரையில. போல்ட்ட கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி லூஸ் பண்ணி எடுங்க. பிஸ்டன் சுத்தி தொடைச்சு, கையாலயே மெதுவா உள்ள தள்ளிப் பாருங்க, ரிசர்வாயர் பொங்காம யாராவது பாத்துக்கணும். மொழமொழன்னு போகணும். திக்கித் திக்கிப் போனா உள்ள சுவர்ல துரு புள்ளி இருக்கலாம். சீல் கிட் மாத்தினாலும் சுவர்ல குழி விழுந்திருந்தா புது சீலையும் அது அறுத்துரும், அப்ப ஸ்லேவ் முழுசா மாத்தறதுதான் வழி.

புஷ் ராட வெளிய எடுத்தா எந்த முனை எந்தப் பக்கம்னு அடையாளம் வெச்சுக்கோங்க. துணியில தொடைச்சு, தரையில உருட்டிப் பாத்தா வளைவு தெரியும். அங்க இருக்கற ஓ ரிங்குங்க விலை ரொம்ப கம்மி, கழட்டின கையோட மாத்திருங்க.

பெரிய பிஸ்டன் உள்ள ஸ்லேவ் மாட்டினா லீவர் பஞ்சு மாதிரி ஆகும்னு விக்கறாங்க. ஆகும், பொய் இல்ல. ஆனா பிஸ்டன் பெருசானா அதே ஆயிலுக்கு அது நகர்ற தூரம் குறையும், பிளேட் விலகறது குறையும். நல்லா இருக்கற வண்டியில தாங்கும், ஏற்கனவே நியூட்ரல் கிடைக்காத வண்டியில இன்னும் மோசமாகும். ஹோஸ பொறுத்தவரைக்கும், பல மேனுவல்ல 4 வருஷம்னு சொல்வாங்க, வெடிப்பு விட்ட ரப்பர் ஹோஸ மாத்தறப்ப ரெண்டு பக்கமும் காப்பர் வாஷர் புதுசு போடுங்க.

மலை ஏறுறப்ப

அடிவாரத்துல இருந்து மேல 20 கொண்டை ஊசி, ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏத்தம். கிளட்ச்ச சூடாக்கறது வளைவு கிடையாது, வளைவுல நின்னு நின்னு ஹாஃப் கிளட்ச்ல வண்டிய தாங்கிப் புடிக்கறதுதான். நிக்கணும்னா பிரேக்ல நில்லுங்க, நியூட்ரல் போடுங்க, முன்னாடி இடம் கிடைச்ச பிறகு ஒரே மூச்சுல கிளம்புங்க. மலையில ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழின்னு சட்டமே சொல்லுது, இறங்கறவங்க இதைக் கடைபிடிச்சா ஏறுறவங்க கிளட்ச் பாதி பிழைக்கும். இறங்கறப்ப லீவர புடிச்சுக்கிட்டே உருட்டாதீங்க, ரெண்டாவது கியர்ல இஞ்சின் புடிச்சு இறக்கட்டும். ரெண்டு விரல் எப்பவும் லீவர் மேல அழுத்தி வெச்சு ஓட்டுற பழக்கம் இருந்தா விட்டுருங்க, அந்த ஒரு இழை அழுத்தம் போதும் ஊசி ஓட்டை மூடிக்க.

வழியில லீவர் செத்துப் போச்சுன்னா, முதல்ல வேகமா பம்ப் பண்ணுங்க, பல தடவ கொஞ்ச நேரத்துக்கு உசுரு வரும். வரலன்னா ஓரம் கட்டுங்க. ஓடிக்கிட்டு இருக்கறப்பவே செத்தா வண்டி கியர்லதான் இருக்கு, இஞ்சின் பிரேக் வேலை செய்யும், பதறாதீங்க, பிரேக் போட்டு வேகத்த குறைச்சு, நிக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி காலால நியூட்ரலுக்குத் தட்டுங்க. ஏத்தத்துல நின்னுட்டா அங்கிருந்து கிளட்ச் இல்லாம கிளம்பப் பாக்காதீங்க, வண்டி துள்ளும், பக்கத்துலயே பள்ளம். இறக்கத்துல, ரோடு காலியா இருந்தா மட்டும், நியூட்ரல்ல நடக்கற வேகத்துக்கு உருள விட்டு ரெண்டாவது கியர தட்டினா விழும், அதே கியர்லயே அடிவாரம் வரைக்கும் இறங்கலாம். பனிமூட்டமா இருந்தா அதுவும் வேண்டாம், கடைப் பக்கம் தள்ளி நிறுத்திட்டு கீழ இருந்து டாட்டா ஏஸ் வரச் சொல்லுங்க. வண்டி ஏத்தறப்ப கட்டுற கயிறு கிளட்ச் ஹோஸ் மேலயும் லீவர் மேலயும் இறுகாம பாத்துக்கோங்க.